ஸ்பென்சர் பிளாசா ஏன் காலியானது, எக்ஸ்பிரஸ் அவென்யூ ஏன் நிரம்புகிறது?

நீங்கள் கேட்டிருப்பது இரண்டு கேள்விகள். ஒன்று: "அண்ணா சாலையில் ஸ்பென்சர் பிளாசா வெறிச்சென்று கிடக்கிறது. அங்கிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில், ராயப்பேட்டை எக்ஸ்பிரஸ் அவென்யூவில் ஞாயிற்றுக்கிழமை கால் வைக்க இடமில்லை. எல்லாம் ஆன்லைன் வியாபாரம் செய்த வேலையா?" இன்னொன்று: "என் அக்கா வீட்டிலேயே குர்தி தைத்து விற்கிறார். இந்த மாதிரி மாலில் சின்னதாக ஒரு கடை எடுக்கலாமா?"

ஆன்லைன்தான் காரணம் என்றால் இரண்டு இடமும் சேர்ந்து காலியாகியிருக்க வேண்டும். ஒரே ஊர், ஒரே வட்டாரம், ஒரே ஜனம். ஒன்று வாடி இன்னொன்று தழைக்கிறது என்றால் காரணம் கட்டடத்துக்குள்ளேயே இருக்கிறது.

நான் ஒரு ரெடிமேட் துணி நிறுவனத்தில் இருபது வருஷத்துக்கு மேல் கணக்கு பார்த்தவன். எங்களுக்கு தி. நகரில் ஒரு கடை, மால்களில் மூன்று. வாடகை ஒப்பந்தங்களைப் படித்துப் படித்தே என் கண்ணாடிக்கு பவர் ஏறியது. அதனால் இந்த விஷயத்தைக் கட்டடக்கலை பக்கமிருந்து பார்க்க எனக்கு வராது. வாடகை ரசீது பக்கமிருந்துதான் வரும். அந்தப் பக்கமிருந்து பார்த்தால் ஒரே வித்தியாசம்தான் தெரிகிறது. ஸ்பென்சர் பிளாசாவில் கடைகளைத் துண்டு துண்டாக விற்றார்கள். எக்ஸ்பிரஸ் அவென்யூ ஒரே கையில் இருக்கிறது, கடைகளை வாடகைக்கு மட்டும் விடுகிறது. மற்றதெல்லாம் இதன் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தவைதான்.

ஸ்பென்சர் என்ற பெயர் மால் என்ற சொல்லை விட ரொம்பப் பழையது. 1860களில் மதராஸில் தொடங்கிய கம்பெனி அது. 1890களில் மவுண்ட் ரோட்டில், அதாவது இன்றைய அண்ணா சாலையில், இந்தோ-சாரசெனிக் பாணியில் பெரிய கடை கட்டினார்கள், வடிவமைத்தவர் போக்சன். வெள்ளைக்காரத் துரைமார்கள் சுருட்டும் சோடாவும் சீமைச் சரக்கும் வாங்கிய இடம். ரயில் நிலைய உணவு விடுதிகளைக்கூட ஸ்பென்சர்தான் நடத்தியது. அந்தப் பழைய கட்டடம் 1983இல் தீப்பிடித்து அழிந்தது. இரண்டு வருஷம் கழித்து, 1985இல், சென்ட்ரல் பக்கத்து மூர் மார்க்கெட்டும் எரிந்துபோனது. ஒரே கூரையின் கீழ் எல்லாம் கிடைக்கும் என்று சென்னைக்காரர்கள் போய்க்கொண்டிருந்த இரண்டு இடங்கள் இரண்டே வருஷத்தில் போய்விட்டன.

ஸ்பென்சர் நின்ற மனையில் எழுந்ததுதான் இப்போதுள்ள பிளாசா. 1990களின் தொடக்கத்திலிருந்து மூன்று கட்டங்களாகத் திறந்தார்கள். அதனால்தான் இன்றைக்கும் "ஃபேஸ் டூ பக்கம் வாங்க" என்று வழி சொல்கிறார்கள். அந்தக் காலத்தில் அங்கே போவது ஒரு விசேஷம். ஊரிலிருந்து உறவினர் வந்தால் மெரினா, வடபழனி கோயில், அப்புறம் ஸ்பென்சர். மியூசிக் வேர்ல்டில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பாட்டு கேட்டுவிட்டு ஒன்றும் வாங்காமல் வருவது ஒரு தலைமுறைக்கே பொழுதுபோக்காக இருந்தது. நானும் கேட்டிருக்கிறேன். காசு கொடுத்து வாங்கிய கேசட் இரண்டோ மூன்றோ இருக்கும்.

வினையே அங்கேதான் இருந்தது, ஆனால் அப்போது யாருக்கும் வினையாகத் தெரியவில்லை. கட்டுவதற்குப் பணம் வேண்டும், அதனால் கடைகளை விற்றார்கள். இருநூறு சதுர அடி ஒருவருக்கு, நூற்றைம்பது இன்னொருவருக்கு. வாங்கியவர்களில் வியாபாரிகளும் உண்டு, முதலீட்டுக்காக வாங்கிப்போட்டு வாடகைக்கு விட்டவர்களும் உண்டு. அந்நாளில் இதுதான் நடைமுறை. ஸ்பென்சரைத் தனியாகக் குறை சொல்லிப் பயனில்லை. அண்ணா சாலையிலும் எழும்பூரிலும் அந்தக் காலத்தில் எழுந்த பல காம்ப்ளக்ஸுகளின் கதை இதேதான்.

இதன் விளைவு புரிய வேண்டுமென்றால் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பை நினைத்துக்கொள்ளுங்கள். அறுபது வீடு. லிஃப்ட் பழுது. புது லிஃப்ட் போட ஆளுக்கு இருபதாயிரம் என்று சங்கம் சொல்கிறது. கீழ்த்தளத்துக்காரர் "எனக்கு எதுக்கு லிஃப்ட்?" என்கிறார். அமெரிக்காவில் இருக்கிற ஓனர் ஃபோனை எடுப்பதில்லை. ஒருவர் மூன்று வருஷமாக மெயின்டனன்ஸ் கட்டவில்லை. லிஃப்ட் நின்றபடியே நிற்கிறது. வீட்டில் என்றால் படியேறிப் போய்விடுவோம், வேறு வழியில்லை. கடைக்கு வருகிறவருக்கு என்ன தலையெழுத்து? அடுத்த ஞாயிறு வேறு இடத்துக்குப் போவார்.

ஏசி, விளக்கு, கழிப்பறை மட்டும் இல்லை. யார் பக்கத்தில் யார் கடை போடுவது என்பதையும் அங்கே யாரும் தீர்மானிக்க முடியாது. ஒரு நல்ல புத்தகக் கடைக்குப் பக்கத்தில் மொபைல் கவர் விற்கும் கடை, அதற்குப் பக்கத்தில் பூட்டிய ஷட்டர், அதற்குப் பக்கத்தில் காஷ்மீர் சால்வைக் கடை. ஒவ்வொரு உரிமையாளரும் தன் கடைக்கு அதிக வாடகை யார் தருவார் என்றுதான் பார்த்தார். அது அவரவர் உரிமை, தப்பே இல்லை. ஆனால் நூறு பேர் தனித்தனியாகச் சரியான முடிவு எடுத்தால், கூட்டினால் தப்பாக வரும் இடங்களில் இது ஒன்று.

இதையே எக்ஸ்பிரஸ் அவென்யூவில் பாருங்கள். அந்த மனைக்கும் பழைய கதை உண்டு. 1832இல் தொடங்கிய மெட்ராஸ் கிளப் ஒரு நூற்றாண்டுக்கு மேல் அங்கேதான் இருந்தது. பக்கத்துத் தெருவுக்குக் கிளப் ஹவுஸ் ரோடு என்று பெயர் வந்ததே அதனால்தான். 1940களின் கடைசியில் அந்த இடம் ராம்நாத் கோயங்கா கைக்கு வந்து எக்ஸ்பிரஸ் எஸ்டேட் ஆனது. இந்தியன் எக்ஸ்பிரஸும் நம் தினமணியும் பல ஆண்டுகள் அங்கிருந்துதான் வந்தன. துரைமார் ஜின் குடித்த இடத்தில் அச்சு இயந்திரம் ஓடி, அது ஓடிய இடத்தில் இப்போது எஸ்கலேட்டர் ஓடுகிறது. ஏறத்தாழ பத்து ஏக்கர். மால் திறந்தது 2010இல்.

நகரத்தின் நடுவே ஒரே கையில் பத்து ஏக்கர் இருந்தது என்பதுதான் அந்த மாலின் முதல் அதிர்ஷ்டம். பிரித்துக் கொடுக்க வேண்டிய அவசியம் வரவில்லை. கடைகளை விற்காமல் வாடகைக்கு விட்டார்கள். விற்காததால் சுவரை இடிக்கலாம், கடையை மாற்றலாம், சரியாக ஓடாதவரை ஒப்பந்தம் முடிந்ததும் அனுப்பிவிட்டு அங்கே வேறொருவரை உட்காரவைக்கலாம். நீங்கள் வருஷத்துக்கு ஒரு தடவை போகிறவராக இருந்தால், ஒவ்வொரு தடவையும் நாலைந்து கடை புதிதாகத் தெரியும். அது தானாக நடப்பதில்லை. லீசிங் என்று ஒரு பிரிவு வருஷம் முழுக்க இதையே வேலையாகச் செய்கிறது.

வாடகை எப்படி என்று சொன்னால்தான் இந்த மர்மம் விடுபடும். கணக்குக்காக ஒரு கடையை வைத்துக்கொள்வோம். எண்கள் நான் போட்டவை, முறை மட்டும் நிஜம். ஆயிரம் சதுர அடி, சதுர அடிக்கு 200 ரூபாய். மாதம் இரண்டு லட்சம். இதற்கு மினிமம் கேரண்டி என்று பெயர். விற்றாலும் விற்காவிட்டாலும் கொடுத்தாக வேண்டும். கூடவே ஒரு ஷரத்து இருக்கும்: விற்பனையில் 12 சதவீதம், அல்லது மினிமம் கேரண்டி, இதில் எது அதிகமோ அது. மாதம் பத்து லட்சத்துக்கு விற்றால் 12 சதவீதம் என்பது 1,20,000. அது குறைவு, எனவே இரண்டு லட்சம் கட்டுவீர்கள். தீபாவளி மாதம் 25 லட்சத்துக்கு விற்றால் மூன்று லட்சம் கட்டுவீர்கள்.

அந்த மூன்று லட்சத்தில்தான் சூட்சுமம். நம் கடை நன்றாக விற்றால் மால்காரருக்கு ஒரு லட்சம் அதிகம். ஆக நம் கடைக்கு முன்னால் ஆள் நடமாட வேண்டும் என்று நம்மைப் போலவே அவரும் கவலைப்படுவார். ஏசி ஓட வேண்டும், கழிப்பறை நாறக் கூடாது, டிசம்பரில் நடுக்கூடத்தில் பெரிய கிறிஸ்துமஸ் மரம் வைத்து அதன் முன்னால் ஊரே செல்ஃபி எடுக்க வேண்டும். இருநூறு சதுர அடியை விலைக்கு வாங்கி, மாதா மாதம் இவ்வளவு என்று வாடகை வாங்கும் உரிமையாளருக்கு இந்தக் கவலை எங்கிருந்து வரும்? அவருக்குக் கடை விற்றாலும் அதே வாடகை, ஈ ஓட்டினாலும் அதே வாடகை.

இந்தக் கவலை ராத்திரியில் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். ஒன்பதரை மணிக்கு மேல் கடையில் பாதி விளக்கை அணைப்பார்கள். ட்ரையல் ரூமில் குவிந்து கிடக்கும் துணிகளைப் பெண்கள் மடித்துக்கொண்டிருப்பார்கள். காலையிலிருந்து நின்ற கால்கள். விற்பனைப் பணியாளர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021இல் சட்டத்தையே திருத்தியது. அதற்கு முன்னால் பில்லிங் மேசைக்குப் பின்னால் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் மாற்றி மாற்றி இரண்டு நிமிஷம் உட்கார்ந்து எழுந்ததைப் பார்த்திருக்கிறேன். கேஷியர் நாள் கணக்கை மூடியதும் மெஷினிலிருந்து நீளமாக ஒரு சீட்டு வரும். அதில் எங்களுக்கு ஒரு பிரதி, மாலுக்கு ஒரு பிரதி. அப்புறம் அதுவும் போய், பில்லிங் மென்பொருளையே அவர்கள் சர்வரோடு இணைத்துவிட்டார்கள். நாங்கள் ஒரு சட்டை விற்றால் அடுத்த நிமிஷம் அவர்களுக்குத் தெரியும். என் முதலாளிக்கு இது கடைசி வரை பிடிக்கவே இல்லை. "என் கல்லாப்பெட்டிக்குள்ள எவனோ கை விட்டுக்கிட்டு நிக்கிறான்" என்பார். சரிதான். ஆனால் அதே கைதான் வெளியே தரையையும் துடைத்துக்கொண்டிருந்தது.

ஒரே கை என்பது எப்போதும் நமக்கு நல்ல கையாக இருக்கும் என்றும் சொல்ல மாட்டேன். எங்கள் கடை இருந்த ஒரு மாலில், பெயர் வேண்டாம், கடைக்கு நேர் எதிரே இருந்த எஸ்கலேட்டரைப் பழுதுபார்க்க என்று பலகை வைத்து மறைத்தார்கள். பத்து நாள் என்றார்கள், நாற்பது நாள் ஆனது. எங்கள் தளத்துக்கு ஏறி வருகிறவர்கள் மறுகோடியில் ஏறினார்கள். எங்கள் முன்னால் வந்து நின்றதெல்லாம் அந்தப் பலகையில் இருந்த மாடல் பெண் மட்டும்தான். அந்த மாத விற்பனையில் மூன்றில் ஒரு பங்கு போயிற்று. வாடகையில் கழித்துக்கொடுங்கள் என்று மூன்று கடிதம் எழுதினேன். பதிலாக ஒரு வரி வந்தது: ஒப்பந்தத்தின் இத்தனையாவது ஷரத்தைப் பார்க்கவும். பார்த்தேன். அதில் நாங்கள்தான் கையெழுத்துப் போட்டிருந்தோம்.

இதற்கு மேல் காம் என்று ஒன்று உண்டு. பொதுப் பராமரிப்புச் செலவுக்காகச் சதுர அடிக்கு இவ்வளவு என்று தனியாக வாங்குவது. வாடகைக்கும் காமுக்கும் 18 சதவீதம் ஜிஎஸ்டி. இன்னொன்று, ஆயிரம் சதுர அடி என்று கணக்குப் போட்டு வாடகை வாங்குவார்கள். டேப் வைத்து உள்ளே அளந்தால் அறுநூறு சொச்சம்தான் வரும். மீதி எங்கே என்றால், வெளியே நீங்கள் நடக்கிற நடைபாதையில், லிஃப்டில், தூணில் எல்லாம் நம் பங்கு இருக்கிறதாம். முதல் தடவை அளந்தபோது என் உதவியாளர் பையன் டேப் தப்பு என்று நினைத்து வேறு டேப் வாங்கி வந்தான்.

அடுத்து, கட்டடத்துக்குள் எதை எங்கே வைப்பது என்பது. இதுவும் ஒரே கை இருந்தால்தான் சாத்தியம். தியேட்டரையும் ஃபுட் கோர்ட்டையும் எப்போதும் உச்சியில்தான் வைப்பார்கள், கவனித்திருப்பீர்கள். எக்ஸ்பிரஸ் அவென்யூவில் எட்டுத் திரை உள்ள எஸ்கேப் மேலேதான். சத்யம் தியேட்டரை நடத்திய எஸ்பிஐ சினிமாஸ் நிறுவனம் அதைத் தொடங்கியது. 2018இல் பிவிஆர் அந்த நிறுவனத்தையே வாங்கிவிட்டது. படம் பார்க்கப் போகிறவர் எல்லாத் தளத்தையும் கடந்து ஏற வேண்டும், எல்லாத் தளத்தையும் கடந்து இறங்க வேண்டும். கோயிலில் மூலவரைப் பார்க்கும் முன் பிராகாரம் சுற்றவைப்பது மாதிரி. பெரிய பிராண்டுகளை இரண்டு கோடியிலும் வைப்பார்கள். இவர்களுக்கு ஆங்கர் என்று பெயர், நங்கூரம். சதுர அடிக்கு இவர்கள் கொடுக்கும் வாடகை சின்னக் கடைகளை விடக் குறைவாகத்தான் இருக்கும், ஏனென்றால் கூட்டத்தை இழுத்து வருவது இவர்கள். ஒரு நங்கூரத்திலிருந்து இன்னொன்றுக்கு நடக்கும் வழியில் நம் போன்ற சின்னக் கடைகள் வலை விரித்து உட்கார்ந்திருப்போம்.

துண்டு துண்டாக விற்ற இடத்தில் நங்கூரத்துக்கு இடமே கிடையாது. முப்பதாயிரம் சதுர அடி சேர்த்து வேண்டும் என்று ஒரு பெரிய பிராண்ட் கேட்டால், நூறு உரிமையாளர்களிடம் போய்ச் சம்மதம் வாங்க வேண்டும். நூற்றியோராவது ஆள் காசிக்குப் போயிருப்பார்.

தியேட்டர் பற்றி ஒரு விஷயம். தமிழ்நாட்டில் சினிமா டிக்கெட்டுக்கு அரசு உச்சவரம்பு வைத்திருக்கிறது, மும்பையில் ஏற்றுவது போல இங்கே ஏற்ற முடியாது. அதனால்தான் பாப்கார்ன் டிக்கெட்டை விட விலை அதிகமாக இருக்கிறது. கோபப்பட்டுப் பயனில்லை, வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

மக்கள் அங்கே வாங்கத்தான் போகிறார்களா என்று கேட்டால், பாதிப் பேர் இல்லை. வாங்குவதற்கு என்றால் சென்னைக்கு தி. நகர் இருக்கிறது. பாத்திரத்திலிருந்து பட்டுப்புடவை வரை ஒரே கட்டடத்தில் தளம் தளமாக அடுக்கி விற்பதை ரங்கநாதன் தெரு என்றோ செய்துவிட்டது. மால் விற்பது பொருளை அல்ல, சாயங்கால நேரத்தை. மே மாதம் நாலு மணிக்கு மவுண்ட் ரோட்டில் நின்றால் தெரியும், ஏசி எவ்வளவு பெரிய ஈர்ப்பு என்று. இதுவும் புதிதில்லை. ஜெமினி பக்கம் 1964இல் திறந்த சஃபையர் வளாகத்தில் ப்ளூ டைமண்ட் என்று ஒரு தியேட்டர் இருந்தது. தொடர்காட்சி; ஒரு டிக்கெட் எடுத்தால் எப்போது வேண்டுமானாலும் நுழையலாம், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம். படத்துக்காகப் போனவர்களை விட ஏசிக்காகப் போனவர்கள் அதிகம் என்று பழைய ஆட்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். காதலர்களைப் பற்றியும் சொல்வார்கள், அதை விடுங்கள். இன்றைக்கு எக்ஸ்பிரஸ் அவென்யூவின் பெஞ்சுகளில் பிற்பகலில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களையும் கல்லூரிப் பிள்ளைகளையும் பார்த்தால் எனக்கு ப்ளூ டைமண்ட்தான் ஞாபகம் வரும். டிக்கெட்கூட வேண்டாம்.

உட்கார வருகிறவர்களால் மாலுக்கு என்ன லாபம்? கொஞ்சம் இருக்கிறது. கூட்டமாகத் தெரியும் இடத்துக்குத்தான் கூட்டம் வரும். ஆனால் கடைக்காரருக்கு அது ஏமாற்று. வாசலில் உள்ள கேமரா தலைகளை எண்ணும். வாடகை பேசும்போது அந்த எண்ணைத்தான் நம் முன்னால் வைப்பார்கள். எங்கள் கணக்கில் கடைக்குள் நுழைந்த பத்துப் பேரில் இரண்டு பேர் பில் போட்டால் அது நல்ல நாள்.

ஒரே கை மட்டும் போதுமா என்றால், அதுவும் போதாது. 2013இல் வேளச்சேரியில் ஃபீனிக்ஸ் மால் வந்தது. அதே வருஷம் வடபழனியில், விஜயா வாஹினி ஸ்டூடியோ இருந்த மண்ணில், ஃபோரம் விஜயா வந்தது. இப்போது அதற்கு நெக்ஸஸ் விஜயா என்று பெயர். 2018இல் திருமங்கலத்தில் விஆர். தாம்பரத்துக்காரரும் அண்ணா நகர்க்காரரும் இனி ராயப்பேட்டை வர வேண்டிய கட்டாயமில்லை. நகர நடுவிலிருக்கும் எக்ஸ்பிரஸ் அவென்யூ தாக்குப்பிடிப்பதற்குச் சுற்றிலும் இருக்கும் அலுவலகங்களும், கல்லூரிகளும், மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, ஆயிரம் விளக்குக் குடும்பங்களும் உதவுகின்றன. 2019 பிப்ரவரியில் அண்ணா சாலைக்கு அடியில் மெட்ரோ ஓடத் தொடங்கியதும் ஓரளவு உதவி. எல்ஐசி அல்லது அரசினர் தோட்டம் ஸ்டேஷனில் இறங்கினால் கொஞ்சம் நடை, அல்லது ஆட்டோ. விந்தை என்னவென்றால், எல்ஐசி ஸ்டேஷனுக்கு ஸ்பென்சர்தான் இன்னும் கிட்டே. மெட்ரோ வாசலில் வந்து நின்றும் அங்கே கூட்டம் திரும்பவில்லை. இடம் நன்றாக இருந்தால் போதும் என்பவர்களுக்கு இதைக் காட்டுவேன்.

கொரோனாவிலும் இந்த வித்தியாசம் தெரிந்தது. 2020 மார்ச்சில் மூடிய மால்களைத் தமிழ்நாட்டில் செப்டம்பரில்தான் திறந்தார்கள், தியேட்டர்கள் நவம்பரில். ஒரே உரிமையாளர் இருந்த இடங்களில் உட்கார்ந்து பேச ஓர் ஆள் இருந்தார். எங்களுக்குச் சில மாதம் மினிமம் கேரண்டியை நிறுத்திவைத்து விற்பனைப் பங்கு மட்டும் வாங்கினார்கள். தர்மம் ஒன்றும் இல்லை; கடைகள் கூட்டமாகக் காலி செய்தால் மீண்டும் நிரப்புவது எவ்வளவு கஷ்டம் என்று அவர்களுக்குத் தெரியும்.

ஸ்பென்சர் செத்துவிட்டது என்று எழுதுகிறவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. மேலே அலுவலகங்கள் இருக்கின்றன. மதியம் அந்த ஊழியர்கள் கீழே வருகிறார்கள். போன மாதம் பேன்ட் நீளம் குறைக்கப் போயிருந்தேன். ஒரு மணி நேரத்தில் தைத்துக் கொடுத்தார், எண்பது ரூபாய். பக்கத்துக் கடையில் கைக்கடிகாரத்துக்கு பேட்டரி மாற்றிக்கொண்டேன். பளபளப்பான மாலில் இந்த இரண்டு வேலைக்கும் ஆள் கிடையாது, கட்டுபடியாகும் வாடகையும் கிடையாது. ஒரே கை இல்லாத இடத்தில்தான் இந்த மாதிரிச் சின்னத் தொழில் பிழைக்கிறது.

இப்போது அக்காவின் குர்திக்கு வருவோம். தனிக் கடை பற்றி யோசிக்கவே வேண்டாம். மூன்று வருஷ லாக்-இன் (நடுவில் காலி செய்ய முடியாது), ஆறு மாத அட்வான்ஸ் என்று பேச்சே அங்கேதான் தொடங்கும். உங்கள் மனதில் இருப்பது நடைபாதை நடுவே வைக்கிற கியோஸ்க் என்று நினைக்கிறேன். ஆறுக்கு எட்டு அடி. இதற்குச் சதுர அடிக் கணக்கு கிடையாது, மொத்தமாக ஒரு தொகை சொல்வார்கள். மறுபடியும் கணக்குக்காக, மாதம் 60,000 என்று வையுங்கள். ஜிஎஸ்டி 10,800. ஆண்டு விற்பனை 40 லட்சத்துக்குள் இருந்தால், சரக்கு விற்பவர் உள்ளூரில் விற்க ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. ஆனால் பதிவு இல்லாவிட்டால் இந்த 10,800ஐ விற்பனை வரியில் கழித்துக்கொள்ளவும் முடியாது; அது போனது போனதுதான். காலை பத்து முதல் இரவு பத்து வரை, வாரத்தில் ஏழு நாளும் திறந்திருக்க வேண்டும், "இன்று அமாவாசை" என்று மூட முடியாது. ஆகவே இரண்டு பெண்கள் வேண்டும், குறைந்தது 30,000. மொத்தம் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது.

ஒரு குர்தியில் துணி, தையல் கூலி எல்லாம் போக 300 ரூபாய் நிற்கும் என்றால், மாதம் 336 குர்தி விற்றால்தான் கையில் பூஜ்யம். ஒரு நாளைக்குப் பதினொன்று, பன்னிரண்டு. விற்கிறதா என்பது அப்புறம். அக்கா மாதம் 336 குர்தி தைப்பாரா? ஆள் வைத்துத் தைத்தால் அந்த 300 ரூபாய் அப்படியே நிற்குமா?

எனக்குத் தோன்றுவது இது. மால்களில் வார இறுதிகளில் கைவினை, துணிச் சந்தை என்று மேசை போட்டுக் கொடுப்பார்கள். சில நாள் வாடகை, ஒப்பந்தம் கிடையாது. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் ஒன்று, பொங்கலுக்கு முன் ஒன்று எடுத்துப் பாருங்கள். விற்பனையை விட, தொட்டுப் பார்த்துவிட்டு வாங்காமல் போகிறவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று அக்காவைக் கவனிக்கச் சொல்லுங்கள். அந்த இரண்டு நாளில் முப்பது பேருடைய எண்ணையாவது வாங்கி வாட்ஸ்அப்பில் சேர்த்துவிட்டால் மேசைக் காசு வந்த மாதிரி.

அதற்கும் முன்னால் ஒரு வேலை. அக்காவைக் கூட்டிக்கொண்டு ஞாயிறு சாயங்காலம் போகாதீர்கள். அன்றைக்கு எந்த இடமும் நல்ல இடமாகத்தான் தெரியும். செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குப் போங்கள். வெளியே வருகிற வாசலுக்குப் பக்கத்தில் ஒரு காபியோடு உட்கார்ந்து, ஒரு மணி நேரம், கையில் பையோடு வெளியே வருகிறவர்களை மட்டும் எண்ணுங்கள். தலைகளை எண்ண வேண்டாம், அதை அவர்கள் கேமரா எண்ணிக்கொள்ளும். அந்த எண்ணிக்கையைச் சொல்லுங்கள், மீதிக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.